மென்பொருள் தயார், வேலைமுறை தயாரில்லை: நன்னடத்தைப் பதிவேட்டுத் திட்டத்தின் செலவு மூன்று மடங்கான கதை

அரசாங்கக் கம்ப்யூட்டர் திட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போய்ச் செலவு எகிறிவிட்டது என்று செய்தி வந்தால், பெங்களூர்த் தமிழர்களிடம் கருத்துக்குப் பஞ்சமே இருக்காது. நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதே இந்தத் தொழில்தான். கேன்டீன் வரிசை நகர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். “கம்பெனிக்காரன் முழுங்கிட்டான்” என்பார் ஒருவர். “நம்ம டீம்ல பத்துப் பேரை விட்டிருந்தா ஆறு மாசத்துல முடிச்சுக் குடுத்திருப்பாங்க” என்பார் பக்கத்தில் நிற்பவர். முதலாமவர் தணிக்கை அறிக்கை எதையும் படித்திருக்க மாட்டார். இரண்டாமவர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ரிக்வயர்மென்ட், அதாவது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரம், எடுத்திருக்க மாட்டார்.

நான் எடுத்திருக்கிறேன். பிசினஸ் அனலிஸ்ட் என்ற பெயரில், ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து “இந்தக் கட்டத்துல என்ன எழுதுவீங்க சார்?” என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தை வைத்து, ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, செலவு எந்த இடத்தில் பிறக்கிறது என்று அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். நான் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்து - வேல்ஸில் சிறைத் துறைக்கும் நன்னடத்தைத் துறைக்கும் பொதுவாகக் கட்ட நினைத்த பதிவேடு. வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்டால், அதன் கணக்கை அந்நாட்டுத் தணிக்கைத் துறை பிரித்துப் பொதுவில் வைத்திருக்கிறது. கணக்கு கண்ணெதிரே இருக்கும்போது ஊகத்துக்கு வேலை இல்லை. இதைப் படிக்கக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

யாருடைய பதிவேடு இது?

நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஆங்கிலத்தில் ப்ரொபேஷன் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஐடி ஆட்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம்தான் ஞாபகம் வரும். இது வேறு. குற்றம் செய்தவரைச் சிறைக்குள் வைக்காமல், அல்லது சிறையிலிருந்து விட்ட பிறகு, வெளியுலகில் ஓர் அலுவலரின் பார்வையில் வைத்திருப்பதுதான் நன்னடத்தைக் கண்காணிப்பு. நம் நாட்டில் இதற்கு 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. தகுந்த வழக்குகளில், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக இருப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் ஒருவரை வெளியே விடலாம். நன்னடத்தை அலுவலர் அவர் வீட்டுக்குப் போவார், வேலை தேட உதவுவார், நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார்.

இங்கிலாந்து - வேல்ஸில் இது பெரிய துறை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கண்காணிப்பில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு: என்ன குற்றம், என்ன நிபந்தனை, எந்தத் தேதியில் வந்து பார்த்தார், எப்போது வராமல் போனார், ஆபத்தானவரா, குடும்பம் எங்கே இருக்கிறது. இந்தப் பதிவு சரியான நேரத்தில் சரியான ஆளிடம் இல்லாவிட்டால் விளைவு மோசம். சிறையில் ஒருவர் யாரையோ மிரட்டினார் என்பது, விடுதலைக்குப் பின் அவரைப் பார்த்துக்கொள்ளும் அலுவலருக்குத் தெரியாமலே போகலாம்.

ஆகவே ‘எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்போம்’ என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆசைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

இரண்டு சீட்டு நோட்டு

அல்சூரில் ஓர் அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார், மர்ஃபி டவுனில் ஓர் அண்ணாச்சி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 20 சீட்டு, மாதம் 5,000 ரூபாய். இந்த மாதம் ஒருவர் 20,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுக்கிறார். நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சம் 15,000. அதை 20 ஆகப் பிரித்தால் ஆளுக்கு 750 ரூபாய் கழிவு. எல்லாரும் கட்ட வேண்டியது 4,250.

அக்காவின் நோட்டில் ‘செல்வி 4,250’ என்று இருக்கும். அண்ணாச்சி நோட்டில் ‘செல்வி 5,000, கழிவு 750’ என்று இரண்டு கட்டங்களில் இருக்கும். கையில் வந்த காசு ஒன்றுதான். ஒருவரே இரண்டு சீட்டு போட்டிருந்தால் அக்கா அவர் பெயரை இரண்டு வரியில் எழுதுவார். அண்ணாச்சி ஒரு வரியில் எழுதிப் பக்கத்தில் ‘2’ போடுவார். அக்காவுக்கு வரி என்றால் சீட்டு, அண்ணாச்சிக்கு வரி என்றால் ஆள். இரண்டு நோட்டும் தன்னளவில் சுத்தமான கணக்கு, ஒரு ரூபாய் பிசகாது.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே நோட்டாக்க வேண்டும். ‘மொத்தம் எத்தனை பேர்?’ என்ற எளிய கேள்விக்கே பதில் வராது. அங்கே இருக்கும் செல்வியும் இங்கே இருக்கும் செல்வியும் ஒருவரா என்பது யாருக்கும் தெரியாது. இதற்கெல்லாம் கடையில் ஒரு செயலி வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால், செயலி ஏதாவது ஒரு முறையைத்தான் பின்பற்றும். அக்கா முறையா, அண்ணாச்சி முறையா என்று யாரோ ஒருவர் முடிவு செய்து, மற்றவரை மாறச் சொல்ல வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’ இல்லை என்றால் இரண்டு பேரும் செயலிக்காரரைப் பிடிப்பார்கள். ‘எனக்கு ஏற்ற மாதிரி மாத்திக் குடுங்க’ என்பார்கள். செயலிக்காரர் சந்தோஷமாக மாற்றித் தருவார், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில் போட்டு.

தயாராக இருக்கும் மென்பொருளை இப்படி ஒவ்வொருவர் வழக்கத்துக்கும் ஏற்ப வெட்டி ஒட்டுவதற்குத் தொழிலில் கஸ்டமைசேஷன் என்று பெயர். இரண்டு நோட்டுக்கே இந்தப் பாடு.

42 நோட்டு

2004-இல் பிரிட்டன் அரசு, சிறையையும் நன்னடத்தையையும் ஒரு குடைக்குள் கொண்டுவர நாம்ஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரு குற்றவாளியைத் தண்டனை தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். அதற்கான ஒற்றைத் தரவுத்தளம்தான் சி-நாமிஸ். சிறைக்காரர் எழுதுவதை நன்னடத்தை அலுவலர் படிக்கலாம், அவர் எழுதுவதை இவர் படிக்கலாம்.

அடியிலிருந்து கட்டாமல், சிஸ்கான் என்ற கனடா நிறுவனம் சிறைகளுக்காகச் செய்து வைத்திருந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருத்தித் தரும் வேலை, ஏற்கெனவே சிறைத் துறையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துவந்த இ.டி.எஸ். நிறுவனத்துக்கு. கேட்பதற்குப் புத்திசாலித்தனமான முடிவாகத்தான் தெரிகிறது. ரெடிமேடு வாங்கினால் மலிவு, சீக்கிரம்.

ஆனால் அப்போது 42 நன்னடத்தை வட்டாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி வேலை செய்துகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளிலும் நடைமுறை ஒரே மாதிரி இல்லை. இந்த வேறுபாட்டின் ஆழத்தை யாரும் முன்கூட்டி அளக்கவில்லை. எவ்வளவு கஸ்டமைசேஷன் தேவைப்படும் என்று கணித்தது ரொம்பக் குறைவு. பின்னாளில் தணிக்கையாளர்கள் கைவைத்த முக்கியமான இடம் இதுதான்.

ஒரு கட்டத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘கண்காணிப்பு தொடங்கிய தேதி’ என்று திரையில் ஒரு கட்டம் வேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்ட நாளா, ஆள் சிறையை விட்டு வெளியே வந்த நாளா, அலுவலரை முதன்முதலாகப் பார்த்த நாளா? மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஓர் அலுவலகம் முதலாவதைப் போடும், இன்னொன்று மூன்றாவதைப் போடும். ‘முதல் பத்து வேலை நாளுக்குள் எத்தனை பேரைப் பார்த்தோம்’ என்று மேலிடம் அறிக்கை கேட்டால், மூன்றாவது தேதியைப் போடும் அலுவலகம் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்! ஆக அந்தக் கட்டம் வெறும் தேதி அல்ல, அந்த அலுவலகத்தின் மானப் பிரச்சினையும்கூட. ஒரு மாநில அரசு வேலையில் ‘நிலவரம்’ என்ற ஒரே கட்டத்துக்கு என்னென்ன விருப்பங்கள் வர வேண்டும் என்று மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கிய பேச்சு, பஜ்ஜி வந்து, பஜ்ஜி தீர்ந்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் சோம்பேறி இல்லை. ஒவ்வொருவரும் தன் அலுவலகத்தின் நிஜத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் அறையில் இல்லை.

அதனால் இதுவரை வந்தவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: மென்பொருள் ஏற்கெனவே தயார், எப்படி வேலை செய்வது என்ற ஒப்பந்தம்தான் தயாரில்லை. புரோகிராமர்களைக் கூட்டினாலும் அந்த ஒப்பந்தம் வந்துவிடாது.

‘மூன்று மடங்கு’ என்பது எந்தக் கணக்கு?

2005-இல் ஒப்புதல் வாங்கிய தொகை 23.4 கோடி பவுண்டு. 2008 ஜனவரிக்குள் எல்லா இடத்திலும் ஓட வேண்டும் என்பது திட்டம். 2007 ஜூலையில் பார்த்தபோது திட்டம் இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தது, செலவு மதிப்பீடு 69 கோடி பவுண்டாகியிருந்தது. பவுண்டுக்கு 80 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,870 கோடி ரூபாய் 5,520 கோடி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இங்கேதான் கேன்டீன் தீர்ப்பு வழுக்கி விழுகிறது. அந்த 69 கோடி பவுண்டும் அன்றைக்குக் கைமாறிய பணம் இல்லை. 2007 ஜூலை வரை செலவானது 15.5 கோடி. 23.4 என்றதும் 69 என்றதும் ஆயுள்காலச் செலவு. அதாவது, கட்டும் செலவோடு, அதற்குப் பிறகு 2020 வரை ஓட்டுவது, பழுது பார்ப்பது, சர்வர் வைப்பது, உதவிக்கு ஆள் வைப்பது எல்லாம் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. செய்தித் தலைப்பு இந்த எண்ணை எடுத்து ‘செலவு’ என்று ஒற்றை வார்த்தையில் போட்டுவிடும். படிப்பவர் 69 கோடியும் யாரோ ஒருவர் வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

அதற்காக நிலைமை பரவாயில்லை என்று அர்த்தமில்லை. செலவானதைப் பற்றிய உண்மை இன்னும் கசப்பு. 2007 அக்டோபருக்கு முன் செலவான 16.1 கோடி பவுண்டு எந்தெந்த வேலைக்குப் போனது என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த அளவுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை. யாரோ திருடினார்கள் என்று தணிக்கையாளர்கள் சொல்லவில்லை. திட்டத்துக்குப் பொறுப்பான குழு வரவு செலவைக் கூர்ந்து பார்க்கவில்லை, மாற்றங்களைக் கட்டுப்படுத்தவில்லை, நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களில் பிடி தளர்வாக இருந்தது என்றார்கள். என்னைக் கேட்டால் இது திருட்டைவிட மோசம். திருடனைப் பிடித்தால் கதை முடிந்துவிடும். இங்கே பிடிக்க ஆளே இல்லை.

இன்னொரு எண்ணிலும் கவனம் வேண்டும். 2007 ஆகஸ்டில் அமைச்சர் திட்டத்தை நிறுத்திவைத்தார். 2008 ஜனவரியில் புது வடிவம் வந்தது: மதிப்பீடு 51.3 கோடி பவுண்டு, கெடு 2011 மார்ச். 69-லிருந்து 51.3-க்கு இறங்கியதால் 17.7 கோடி மிச்சம் என்று தோன்றும். ஆனால் எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். ஒரே தரவுத்தளம் என்ற அடிப்படை எண்ணத்தையே கைவிட்டார்கள். சி-நாமிஸ் மென்பொருள் சிறைகளுக்கு மட்டும். நன்னடத்தைத் துறைக்கு, சில வட்டாரங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டெலியஸ் என்ற வேறு அமைப்பு. இரண்டுக்கும் நடுவே தகவல் பரிமாற ஏற்பாடு. திட்டம் எதையெல்லாம் செய்து தர வேண்டும் என்ற எல்லைக்கு ஸ்கோப் என்பார்கள். ஸ்கோப் சுருங்கியும், முதலில் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 23.4 கோடிக்குக் கேட்ட பொருள் கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

தாமதம் ஏன் சும்மா இருப்பதில்லை

‘லேட் ஆனா என்ன, வேலை அதேதானே’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. வேலை அதே அளவில் நின்றிருந்தால் சரிதான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஒப்பந்தம் ஃபிக்ஸட் பிரைஸ் என்றால், அதாவது மொத்த வேலைக்கும் முன்பே பேசிய ஒரே விலை என்றால், தாமதம் கம்பெனி தலையில் விழும். டைம் அண்ட் மெட்டீரியல் என்றால், அதாவது வேலை பார்த்த நாளுக்கும் ஆளுக்கும் பணம் என்றால், வாடிக்கையாளர் தலையில் விழும். அரசு முடிவெடுக்கத் தவிக்கும் மூன்று மாதமும் ஐம்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், மாதம் தவறாமல் பில் போகும். கம்பெனி எதையும் மறைத்து முழுங்க வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

அதோடு பழைய அமைப்பும் கூடவே ஓட வேண்டும். புதியது வரும்வரை 42 இடத்திலும் பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பராமரிப்புச் செலவு நிற்காது. இரண்டு ஆண்டில் மூடிவிடலாம் என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்; இப்போது அதற்கும் ஒட்டுப்போட வேண்டும். பயிற்சி எடுத்த அலுவலர்கள், திரையைக் கண்ணால் பார்ப்பதற்குள் கற்றதை மறந்துபோவார்கள். பழைய பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலைக்கு மைக்ரேஷன் என்று பெயர். அதை ஒருமுறை சுத்தம் செய்து வைத்தால், தாமதமான ஓராண்டில் வந்து சேர்ந்த புதிய பதிவுகளுக்காக மறுபடி செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், காத்திருக்கும் நேரத்தில் தேவையே மாறிவிடும். நன்னடத்தைத் துறையின் கதையே சாட்சி. 2010-க்குள் அந்த 42 வட்டாரங்கள் ‘ட்ரஸ்ட்’ என்ற பெயரில் 35 அமைப்புகளாகிவிட்டன. 2014-இல் அவற்றையும் கலைத்து, ஆபத்து அதிகமானவர்களை அரசுச் சேவையிடமும் மற்றவர்களை 21 வட்டார நிறுவனங்களிடமும் கொடுத்தார்கள்; 2015-இல் அந்த நிறுவனங்கள் தனியார் கைக்குப் போயின. 2021 ஜூனில் எல்லாவற்றையும் திரும்ப அரசே எடுத்துக்கொண்டது. யார் யாருடைய பதிவைப் பார்க்கலாம் என்ற அனுமதிக் கணக்கை ஒவ்வொரு முறையும் மாற்றி எழுத வேண்டும். மென்பொருள்காரர் இதற்கு என்ன பாவம் செய்தார் என்று எனக்கே சில நேரம் தோன்றும்.

சுருக்கமாக: தாமதத்தால் ஆள் செலவு ஓடுகிறது, பழையதும் ஓடுகிறது, அதற்குள் கேட்ட பொருளே வேறாகிவிடுகிறது.

இது முதல் தடவையும் இல்லை

இதே நன்னடத்தைத் துறை 1990-களில் க்ராம்ஸ் என்ற வழக்குப் பதிவு அமைப்பைக் கொண்டுவரப் பார்த்தது. அப்போது இருந்தவை 54 தனித்தனிச் சேவைகள். 2001-இல் தணிக்கை அலுவலகம் அதைப் பார்த்தபோது மொத்தத் திட்டமும் எதிர்பார்த்ததைவிட 70% அதிகமாகி, சுமார் 11.8 கோடி பவுண்டைத் தொட்டிருந்தது. ஏழு ஆண்டில் ஏழு திட்ட இயக்குநர்கள் மாறியிருந்தார்கள். அவர்களில் இரண்டே பேருக்குத்தான் இந்த மாதிரி வேலையை நடத்திய அனுபவம் ஓரளவு இருந்தது. சி-நாமிஸ் தொடங்கும்போது அந்த அறிக்கை வெளியாகி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அலமாரியில்தான் இருந்திருக்கும்.

நம் பக்கம்

இந்தியாவில் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009-இல் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். காவல், நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கறிஞர் ஆகிய ஐந்து அமைப்புகளையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் ஐ.சி.ஜே.எஸ். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2022-இல் 3,375 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. இங்கே எல்லாரையும் ஒரே தரவுத்தளத்துக்குள் தள்ளவில்லை. அவரவர் அமைப்பு அவரவரிடம் இருக்க, நடுவே பரிமாற்றம். பிரிட்டன் அடிபட்டுப் போய்ச் சேர்ந்த வடிவமும் ஏறக்குறைய இதுதான். பரிமாற்றத்திலும் செல்வி யார் என்ற கேள்வி போய்விடாது. காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதிய பெயரும், சிறையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயரும், ஓசூரிலிருந்து வந்தவரின் தமிழ் இனிஷியலும் ஒரே ஆள்தானா என்று யாராவது சரிபார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஏதாவது திட்டத்தின் செலவு இத்தனை கோடி என்று படித்தால், அது கட்டும் செலவா ஆயுள்காலச் செலவா, எந்த ஆண்டு வரைக்கும், முதல் மதிப்பீடு போட்டபோது இருந்த ஸ்கோப் இப்போதும் அதேதானா என்று பாருங்கள். இந்த விவரம் செய்தியில் இல்லாவிட்டால், இரண்டு எண்ணை ஒப்பிட்டு மடங்கு சொல்வதில் அர்த்தமில்லை.

மேலே சொன்ன ஐந்து அமைப்புகளில் நன்னடத்தைக் கண்காணிப்புக்கென்று தனியாக ஒன்று இல்லை. ஒருநாள் ஆறாவதாக அதுவும் வரும் என்று நினைக்கிறேன். அப்போது டெண்டர் அறிவிப்பு எழுதுவதற்கு முன்னால், நாலைந்து மாவட்ட நன்னடத்தை அலுவலர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, அவரவர் ஃபைலை மேசைமேல் பிரித்துப் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க ஆள் அனுப்ப வேண்டும். கூடவே, ‘இனி இப்படித்தான்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும், பஜ்ஜி தீர்ந்த பிறகும்.